வலமிருந்து இடமாக

ரெசிடென்ட் கார்டில் தொழில்: ஆப்பரேட்டர்.
மேலே அரபியில், முஷக்கில் ராஃபிஆ.
ஸ்வாத்காரன் ஜர்வலி அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தான்:
"முஷ்கில்தான் பாய், ரொம்ப முஷ்கில்."

அவனுக்குத் தெரியாது,
இந்தச் சொல்லிடம் நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவன்.
எம்.எஸ்ஸி. இயற்பியல், குவாண்டம் இயக்கவியல், தாள் இரண்டு.
முப்பத்தொன்று.
அரியரை அப்படியே விட்டுவிட்டு
கிரேன் லைசன்ஸ் எடுத்தேன்.

ஏபி என்று எழுதியிருந்தால்
முதலில் பாய்வது பி.
வலப்பக்கம் நிற்பதை அதுதான் முதலில் தொடும்,
தொட்டு மாற்றியதை ஏ-யிடம் கொடுக்கும்.
நான் ஏ-யில் தொடங்கினேன்.
இடமிருந்து வலமாகவே வளர்ந்த கண்.
ஸொஹார் வந்த மூன்றாம் நாள்
துறைமுக வாசலில் அரபிப் பலகையைப் பார்த்தபடி
பஸ்ஸுக்கு நின்றபோதுதான் உறைத்தது,
ஐந்து வருஷம் தாமதமாக.

அறைத்தோழன் மில்ட்டன் கேட் ஆபீஸில் மென்பொருள் எழுதுகிறான்.
அவன் உலகத்தில் கூட்டல் குறிக்கு
இரண்டு மனசு.
எண்ணுக்கு நடுவில் நின்றால் கூட்டும்,
எழுத்துக்கு நடுவில் நின்றால் ஒட்டும்.
ஒருநாள் பத்தும் ஒன்றும் நூற்றொன்றாகி
தொண்ணூறு கண்டெய்னர் காகிதத்தில் பிறந்துவிட்டன.
"குறிமேல தப்பில்ல, அண்ணே,
ரெண்டு பக்கமும் யார் நிக்கிறான்னு பார்க்கணும்"
என்றான், பருப்பு தாளித்துக்கொண்டே.

அவனிடம் இன்னொன்று கற்றேன்:
இருப்பு = இருப்பு − 120.
கணக்கு வாத்தியார் பார்த்தால் பேனாவை உடைப்பார்.
அவனுக்கு அது சரியான வரி.
மாசம் பிறந்தால் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில்
எனக்கும்.

தூக்கு, பிறகு நகர்த்து.
நகர்த்து, பிறகு தூக்கு.
வெறும் தாளில் இரண்டும் ஒரே புள்ளியில் போய் நிற்கும்,
கழித்தால் பூஜ்ஜியம்.
யார்டு வெறும் தாள் இல்லை.
அதிகாலை மூன்று நாற்பது,
நாற்பது மீட்டர் உயரத்தில் ஏசி முகத்தில் அடிக்க
கீழே தாத் கரீம் ஆள்காட்டி விரலை உயர்த்தி
வட்டம் போட்டான்: தூக்கு.
என் இடக்கை முந்திக்கொண்டது.
அரை நொடி.
நகர்ந்தது. பிறகுதான் எழுந்தது.

புத்தகத்தில் ஏபி கழித்தல் பிஏ என்றால்
மிச்சம் ஒரு சின்னஞ்சிறு எண்,
கண்ணுக்குத் தெரியாது, கற்பனை எண் வேறு.
இங்கே மிச்சம்
ஒரு கையுறைக்குள் இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி படிவம் நீட்டினார்.
களைப்பாக இருந்தீர்களா?
ஆம். இல்லை.
இரண்டே கட்டம்.
பேனா தொடும்வரை நான் என்னவாக இருந்தேன் என்றால்
ஒரு பங்கு ஆம்,
ஒரு பங்கு இல்லை,
மீதியெல்லாம் கண்ணெரிச்சல், தொடர்ந்து பதினோராவது நைட் ஷிஃப்ட்,
அதற்கெல்லாம் அந்தத் தாளில் விடை கிடையாது.
கேள்வி எதை ஏற்குமோ அதைத்தான் நாம் ஆக முடியும்.
நான் இல்லை ஆனேன்.
அப்புறம் எத்தனை முறை அளந்தாலும் அதே விடை.
ஹெச்.ஆர். கேட்டபோது இல்லை,
போலீஸ் கேட்டபோது இல்லை,
மில்ட்டன் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டபோதும்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தான் தாத் கரீம்.
நான் மன்னிப்பை மனசுக்குள் உருது ஆக்கி வைத்திருந்தேன்,
வரிசை சரியாக இருக்கிறதா என்று தெரியாமலே.
அவன் எனக்கு நேரம் தரவில்லை.
ஹெல்மெட்டை இறுக்கினான்,
பழக்கத்தில் வலக்கையை உயர்த்தினான்.

ஆள்காட்டி விரல் இருந்த இடம்
காற்றில் வட்டம் போடுகிறது.

தூக்குகிறேன்.
முதலில் தூக்குகிறேன்.