செக்கலுக்கும் மைம்மலுக்கும் நடுவில்

ஒட்டுசுட்டான் சந்தியில் கடை.
குழாய், ஆணி, முள்ளுக்கம்பி, பெயின்ற்.
நிறம் கலக்கும் மெசின் போன ஆவணியில் வந்தது,
அன்றிலிருந்து என்னைக் 'கலர் மாஸ்ரர்' என்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

யசிந்தா
வெற்றிலையளவு சாந்துச் சில்லொன்றைக்
கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
தண்ணிக் குழாய் பதிக்கச் சுவரை உடைத்தார்களாம்,
பூசிய இடம் மட்டும் வெறும் சீமெந்து.
"இதே நிறம் வேணும். கிட்டத்தட்ட வேண்டாம்."

வெள்ளை அடியில் மூன்று சொட்டுச் சிவப்பு.
தெருவின் கிறவலில் கிடக்கும் அதே இரும்புத் துரு,
கழுவி, அரைத்து, விலை போட்டது.
பிறகு மஞ்சள். ஊசிமுனைக் கறுப்பு.
ரியூப் லைற்றின் கீழே சில்லும் பூச்சும்
ஒட்டிப் பிறந்தவை போல் இருந்தன.
நான் மூடியைத் தட்டி இறுக்கப் போனேன்.
அவள் பலகையோடு வெயிலுக்குப் போய்விட்டாள்.

வெயிலில்
என்னுடையது பச்சை தட்டிய கஞ்சி.
அவளுடையது சூடான தோல்.

சொன்னேன்:
அக்கா, சுவரிடம் சொந்தமாக நிறம் இல்லை.
வந்து விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்னும்,
மிச்சத்தைத் திருப்பித் தரும்.
அந்த மிச்சத்துக்குத்தான் நாங்கள் பெயர் வைக்கிறோம்.
ரியூப் லைற் சிவப்பில் கஞ்சன்,
அது கொடுக்காததை எந்தச் சுவர் திருப்பித் தரும்?
உங்கள் சுவரின் காவி வேறு, என் மெசினின் சாயம் வேறு;
அந்த வெளிச்சத்தின் முன் இரண்டும் ஒரே வேடம் போட்டன.
சூரியன் கணக்கில் விடாது.

"அப்ப வெளியில வைச்சுக் கலவுங்கோ."

கலந்தேன். வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில்,
மேசையில்லாமல், குந்தியிருந்து,
சொட்டுக்குச் சொட்டு அவள் தலையாட்ட.
மூன்றரைக்குச் சரிவந்தது.
அவள் எழும்பவில்லை.
பதினாறு லீற்றர் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாள்.
"செக்கலிலயும் பாக்கவேணும்.
விடிய முன்னம் வான் வந்திடும்.
நான் என்ர வீட்டைக் காணுறதே அந்த நேரத்திலதான்."

கண்ணிவெடி எடுக்கும் வேலை, ஏழு வருசமாக.

"ஒருநாள் வான் பழுது. வேலிக்கு இங்கால நிண்டம்.
அங்கால சிவப்புத் தடியள் வரிசையா.
பொழுது இறங்க இறங்கப் பாத்தன்,
புல்லு இன்னும் பச்சை,
தண்ணித் தாங்கி நீலம் முந்தியிலும் எடுப்பா.
தடியள் மட்டும் கறுத்துப் போச்சு.
போகாதே எண்டு சொல்ல வைச்ச நிறம்,
அதுதான் முதல்ல போகுது."

எனக்குத் தெரியாது.
மெசினோடு வந்த புத்தகத்திலும் இல்லை.

ஆறே கால்.
வானத்தில் சிவப்பு வழிய, அதற்கே செக்கல் என்று பெயர்,
கீழே என் கடை வாசலில்
ஒக்சைட் வாளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
கிறவல் தெரு சாம்பலாயிற்று.
அடுக்கி வைத்த நீலக் குழாய்கள்
யாரோ உள்ளிருந்து ஊதியது போல் தெளிந்தன.
பிறகு மை. மைம்மல்.
அந்தச் சொல்லை இவ்வளவு நாளும்
காதால் மட்டும் கேட்டிருக்கிறேன்.

பலகையை முகத்தருகே பிடித்தாள்.
சில்லு எது, பூச்சு எது,
விரலால் தடவித்தான் பிரிக்க முடிந்தது.
"இது என்ர வீடு," என்றாள்.
இரண்டு லீற்றர். படலைக் கட்டைக்கு வெள்ளை ஒரு போத்தல்.
சிவப்புத் தள்ளுபடியில் இருக்கிறது என்றேன்,
சிரித்தாள்.

மோட்டார் சைக்கிள் கற்சிலைமடுப் பக்கம் திரும்பியது.
பின் விளக்கு மட்டும் நெடுநேரம் சிவப்பாகவே போனது:
அது யாரிடமும் வாங்காமல் எரிகிறது.

உள்ளே வந்து ரியூப் லைற்றைப் போட்டேன்.
சில்லை மறந்து விட்டுப் போயிருந்தாள்,
வேறு யாருடையதோ போல் மேசையில் கிடந்தது.
கலவையைச் சேமிக்க மெசின் பெயர் கேட்டது.
எந்த நேரத்துப் பெயர் என்று
கேட்கத் தெரியவில்லை அதற்கு.