ஈற்றடி

சனிக்கிழமைக்குள் நாற்பத்திரண்டு கலைச்சொற்கள்.
படிவம் நான்கு பயிற்சிநூல், பின்னிணைப்பு,
இரண்டு பத்தி, எழுத்தளவு பத்து.
செந்தூல், மாடிக்கடை. எல்.ஆர்.டி. போகும்போதெல்லாம்
அச்சுப்பொறியின் மூடி லேசாகப் பல் கடிக்கும்.

விவாதக் கட்டுரை: ஏற்றும் மறுத்தும் எழுதி
முடிவில் ஒரு பக்கம் சாய்வது.
வருணனைக் கட்டுரை: கண்டதைக் காணாதவருக்குக் காட்டுவது.
தன்கதை: உயிரில்லாத பொருள்
பிறந்தது முதல் குப்பைத்தொட்டி வரை தானே சொல்வது.
எடுத்துக்காட்டு, 'நான் ஒரு குடை'.
ஐந்தாம் ஆண்டில் நானும் குடையாக இருந்திருக்கிறேன்.
கம்பி முறிந்தது, நன்றி சொன்னேன், பன்னிரண்டு புள்ளி.

பக்கமொழி என்று அடித்து
முக்காற்புள்ளி வைக்கும்போது அவர் ஏறி வந்தார்.
கையில் நனைந்த பூப்போட்ட குடை. பெண்கள் குடை.
கருமக்கிரியை அட்டை, நூற்றைம்பது வேண்டும்.
தவமணி த/பெ குப்புசாமி. வயது அறுபத்தொன்று.

கவிதைப் பட்டியலை நீட்டினேன்.
பதினெட்டு இருக்கிறது, இலவசம்.
முதலாளி லெட்சுமணன் ஒரே மழைக்காலத்தில் எழுதியவை.
எதுகைக்குக் குறைவில்லை:
மண்ணில் என்று தொடங்கினால் அடுத்து விண்ணில்,
அதற்கடுத்துக் கண்ணில்.
ஏழாம் எண் அதிகம் போகும்.

விரல் வைத்துப் பதினெட்டையும் வாசித்தார்.
"இதுல எதுலயும் அவ இல்லம்மா.
அவ இப்படியெல்லாம் பேசமாட்டா."
பிறகு சொன்னார். என்னிடமில்லை,
மேலே சுற்றும் காத்தாடியிடம்.
நான் தட்டச்சு செய்தேன்.

கேஸ மூடிட்டீங்களா, சாவி எடுத்தீங்களா,
மாத்திரை போட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா,
வானம் கருக்குது, குடை எடுங்க,
சரி, போயிட்டு வாங்க.

"இதப் போடலாமா? கவிதையான்னு கேப்பாங்களே."

எண்ணிப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
மோனை இல்லை. இயைபு தானாக விழுந்திருக்கிறது.
தளை தட்டாத இடமில்லை.
ஆனால் நாற்சீர், நாற்சீர், நாற்சீர்,
கடைசி அடிக்கு மட்டும் மூன்று.
வெண்பா இப்படித்தான் நிற்கும்,
இன்னொரு சீர் வரவேண்டிய இடத்தைக்
காலியாக விட்டு.

"போடலாம்."
சொந்த வரிக்குப் பத்து ரிங்கிட் கூடுதல்.
வாங்கிக்கொண்டேன். மாலையில் கணக்குக் கேட்பார்கள்.

அவர் பாதிப் படி இறங்கிய பிறகுதான் பார்த்தேன்,
மேசைக்காலில் சாய்ந்த குடை, தரையில் ஒரு சின்னக் குளம்.
பள்ளிக்கூடத்தில் எல்லாக் குடைகளும் பேசும்.
இங்கே நான்தான் கத்த வேண்டியிருந்தது.
திரும்ப ஏறி வந்தார், மூச்சு வாங்க.
"திட்டுவா" என்றார்.

இரங்கற்பா: இறந்தவரை எண்ணி
இருப்பவர் பாடுவது. நூலாசிரியர் தந்த விளக்கம்.
இரண்டு சொல்லையும் இடம் மாற்றித் தட்டி
ஒருமுறை வாசித்தேன்.
அச்சுப்பிழை என்பார்கள்.
பழையபடி மாற்றிவிட்டேன்.

அடுத்தது, ஓரங்க நாடகம்:
ஒரே களம், சிறிது நேரம்,
இருவரோ மூவரோ.