பாதை

மண்டூர்த் துறையில்
பாதை இன்னும் வரவில்லை.
பையில், வயரிங் கோர்ஸுக்கான நேர்முகக் கடிதம்.
மூன்றாவது.
முதல் இரண்டுக்கும் காய்ச்சல் என்றேன்.
காய்ச்சல் இல்லை.

"எனக்கு இதெல்லாம் சரிவராது" –
ஓ.எல். கணக்கில் டபிள்யூ வந்த அன்று
நானே எழுதி, நானே ஒப்பமிட்ட தீர்ப்பு.
பதினாலு வருசம்
அப்பீலே கேட்கவில்லை.

போன மாரியில், வெள்ளம் முற்றத்துக்கு வந்த இரவு,
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எரிந்த பியூஸ் கம்பியை மாற்றியது
எந்தக் கை, லோஜிதா?
அடுத்த நாள் பக்கத்து வீட்டிலும் கூப்பிட்டார்கள்.
கூலி வாங்க வெட்கப்பட்டு
இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததும்
அதே கைதான்.

பாதை வந்துவிட்டது.
மோட்டார்சைக்கிள்கள் முந்துகின்றன.
எழுவான்கரை வெயிலில் கண் கூசுகிறது.
கால் நடுங்குகிறது.
நடுங்கட்டும்.
ஏறியபிறகு
நடுங்குவது நானா, எஞ்சினா என்று
யாருக்குத் தெரியப்போகிறது?