எடைப்பாலத்துக்காரி

பாடாங் செராய்க்கு வெளியே
செம்பனை ஆலை வாசலில் எடைப்பாலம்.
பக்கத்துக் கண்ணாடிக் கூண்டு என்னுடையது.
குலைகளோடு ஏறும் லோரிக்கு ஓர் எண்,
கொட்டிவிட்டு வரும் லோரிக்கு ஓர் எண்,
கழித்தால் மிஞ்சுவது சீட்டில்.
பத்தொன்பது வருஷம் கழித்துக்கொண்டிருந்தேன்
நாற்காலியை விட்டு எழாமல்.

எழுந்தபோது முழங்கால் சத்தம் போட்டது.
கிளினிக் மிஸ்ஸி நடக்கச் சொன்னாள்.
நடந்தேன். பசார் வரை, சீனக்கோயில் வரை,
தாமான் நாய்கள் என்னைப் பார்த்துக்
குரைப்பதை நிறுத்தும் வரை.
நல்லதுதான் நடை.
ஆனால் கீழே விழுந்த பேனாவை எடுக்க
இன்னும் மேசையைப் பிடித்தேன்.

டயர் கடை மேல்மாடியில் நோராய்னியின் அறை.
முதல் இரண்டு வாரம் இரும்பே இல்லை.
வெள்ளைத் தண்ணீர்க் குழாய் ஒன்று.
தலைக்கு மேல் பிடி, உட்கார், எழு.
"லாகி சத்து, கக்கா."
இன்னும் ஒன்று என்பது
அவள் கணக்கில் எப்போதும் ஐந்து.
எனக்கு அக்குள் இருப்பதும்
கணுக்கால் மடங்கும் என்பதும்
அங்கேதான் தெரிந்தது.

பிறகு கம்பி வந்தது.
தூக்குவதற்கு முன் போடப் பழக்கினாள்.
முன்னால் சரிந்தால் பின்னால் போ,
பின்னால் சரிந்தால் முன்னால் ஓடு,
நடுவில் நின்று அன்பு காட்டாதே.
வட்டுகள் கித்தா.
விழும், ஒரு முறை துள்ளும், அடங்கும்.
கீழே ஆ செங் ஸ்பேனரால் கூரையைத் தட்டுவான்.
எதையும் கைவிடாதே என்று வளர்த்திருந்தார்கள் என்னை.
கைவிடவும் ஒரு நேர்த்தி உண்டு
என்று நாற்பத்து மூன்றில் கற்றேன்,
வியர்த்து, சிரித்துக்கொண்டு.

கை இழுப்பதே இல்லை இதில்.
கால் தரையைத் தள்ளுகிறது,
இடுப்பு நிமிர்கிறது,
ஒரு கண்ணிமை நேரம்
கம்பிக்குக் கனமில்லை.
அதற்குள் நான் அதன் அடியில் போயிருக்க வேண்டும்.
பார்ப்பவருக்கு அது மேலே போனது போலிருக்கும்.
பாதி தூரம்தான் அது வந்தது.
மீதிக்கு நான் இறங்கிப் போனேன்.

"மெடலா வாங்கப் போற?
ஆம்பள ஒடம்பு ஆயிடும்லா,"
என்றாள் நாத்தனார் சரளா.
என் உச்சம் இருபத்தெட்டு கிலோ.
சில குலைகள் அதைவிடக் கனம்.
என்ன சொல்வது அவளிடம்?
தோளில் அரிசி மூட்டையோடு
மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறினேன்,
அவள் வீட்டுக்குத்தான்.

பிறகு அந்த அக்டோபர் மழை.
ஆலைத் தரையில் எண்ணெயும் தண்ணீரும்.
ஒரு கையில் தே ஓ ஐஸ் பொட்டலம்.
வழுக்கியது.
நான் ஒன்றும் யோசிக்கவில்லை.
பாதங்கள் தாமே அகலப் போய் அறைந்தன,
இடுப்பு கீழே உட்கார்ந்தது,
கை தலைக்கு மேல் நிமிர்ந்தது
பொட்டலத்தோடு.
கூட்டுகிற வங்காளதேசப் பையன்
துடைப்பத்தை விட்டுவிட்டுக் கை தட்டினான்.
எழுந்தேன், நேராக, எதையும் பிடிக்காமல்.
தேநீர் ஒரு சொட்டு சிந்தவில்லை.
ரப்பர் பேண்ட் இறுக்கம் என்றும் சொல்லலாம்.

நேற்று மத்தியானம் லோரி வரவில்லை.
எடைப்பாலத்தில் நானே ஏறி நின்றேன்.
இருபது இருபதாகத்தான் எண் மாறும் அதில்.
அறுபது என்றது.
குழாய் பிடிப்பதற்கு முன்பு ஒருநாள்
விளையாட்டாக ஏறியபோதும் அறுபதுதான்.
சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கொஞ்சம்தான்.
கழித்துப் பார்த்தால் சீட்டில் எழுத ஏதுமில்லை.
அகலக் கால் வைத்து ஒரு துள்ளு துள்ளினேன்.
சிவப்பு எண் தடுமாறிப் போனது,
எங்கெங்கோ ஓடியது,
திரும்பி வரப் பிடிக்காதது போல.

பின்னால் அல்போன்ஸ் லோரியில் ஹாரன் அடித்தார்.
"இறங்கும்மா, ஏழு டன் நிக்குது."