இருபது புள்ளி ஒன்பது

துவாஸ் துறையில், கப்பலின் அடிவயிற்றில் ஒரு தொட்டி.
ஏழு மாதம் மூடிக் கிடந்தது.
மூடியைத் திறந்து
கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.
அலறியது.

உள்ளே ஆள் இல்லை, தீ இல்லை.
இரும்பு மட்டும்
இருட்டில் உட்கார்ந்து
காற்றைத் தின்று தின்று
சிவந்திருந்தது.

மஞ்சள் குழாய் வழியே மூன்று மணி நேரம்
காற்று அடித்தோம்.
இருபது புள்ளி ஒன்பது.
பலகையில் எழுதினேன்:
மருதையன், மொனிருல், மின் தூ.
மூவர் உள்ளே.
வாயருகே வாளி வாங்கிக் கவிழ்க்கச் சவரிராயன்.
நான் காவல்.

விடிகாலை ஐந்துக்குக் கட்டிய சோற்றுப் பொட்டலம்
பகலில் லேசாகப் புளித்திருந்தது.
அதைத் தின்றுவிட்டுத்தான் இறங்கினார்கள்.
அதுதான் இப்போது அங்கே எரிகிறது,
புகையில்லாமல், முப்பத்தேழு டிகிரியில்,
உயிரணுவுக்குள் இருக்கும் இழைமணிகளில்.
சோற்றை ஒரே மூச்சில் கொளுத்தினால்
மனிதன் தீக்குச்சி.
அதனால் படிப்படியாக,
எலக்ட்ரான் கைமாறிக் கைமாறி இறங்குகிறது,
ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூலி கொடுத்தபடி.

பள்ளியில் இது எனக்குப் புரியவில்லை.

மூன்றே காலுக்குச் சவரிராயன் கழிவறைக்குப் போனான்.
வாங்க ஆளில்லை.
ஏணியில் மின் தூ, நிறைந்த வாளியோடு.
அவனுக்குக் கீழே மொனிருல், நிறைந்த வாளியோடு.
அடியில் மருதையன்
துருச்சேற்றில் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டான்.
கடைசிக் கை இல்லையென்றால்
முதல் கைக்கும் வேலையில்லை.

அந்தக் கடைசிக் கைதான் ஆக்சிஜன்.
வந்ததை வாங்கி
ஹைட்ரஜனோடு சேர்த்துத்
தண்ணீராகக் கவிழ்த்துவிடுகிறது.
மின் தூவின் கண்ணாடியில் படிந்த ஆவியில்
ஒரு துளியாவது மத்தியானச் சோறு.

ஐந்தரைக்கு மருதையன் ஏறி வந்தான். பதினெட்டுப் படி.
வேகமாக ஏறியதில் தொடை எரிகிறது என்றான்.
தளத்தில் மல்லாந்து
வாயைத் திறந்து காற்றை வாரினான்.
மூச்சுக்கடன், பத்து நிமிடத்தில் தீரும்.
"ஏஜென்ட்டுக்கும் இப்படி அடைக்க முடிஞ்சா!"
சிரித்ததில் மறுபடி இரைத்தது.

மூன்று பெயரையும் அழித்தேன்.
கருவியைத் துடைத்தேன்.
அதற்குள்ளும் ஒரு துண்டு ஈயம் இருக்கிறது;
ஆக்சிஜன் பட்டுத் தானும் கொஞ்சம் அரிந்துதான்
எவ்வளவு இருக்கிறதென்று சொல்கிறது.
பின்புறம் தேதி ஒட்டியிருக்கிறார்கள்,
அடுத்த மார்ச் வரை.

மூடியை இழுத்துப் பூட்டினோம்.
உள்ளே இரும்பு
மறுபடி சாப்பிட உட்கார்ந்திருக்கும்.