சீசன் முடியட்டும்

லாட்ஜ் பதிவேட்டின் கடைசித் தாளில்
போஜன் கடற்கரை வரைகிறான்.
ஊட்டி போய் கோழிக்கோடு பஸ்.
அங்கிருந்து ராத்திரி ரயில்.
வடக்கே, கோகர்ணத்தில்
பாறையும் கடலும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
பேனா ரம்பப் பல்லாக ஓடுகிறது.

"பாறை மேலேயே நடந்து போகலாமாம்.
உனக்கு முட்டி வலிக்குமே."
"கட்டபெட்டு ஏற்றத்தில் வலிக்காதது
அங்கேயா வலிக்கும்?"

மணி அடிக்கிறது.
ஏழாம் நம்பருக்கு வெந்நீர்.
பதினொன்றுக்கு இன்னொரு கம்பளி.
மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர்கள் எல்லாம்
மே மாதத்தை எங்கள் வாசலில்
இறக்கி வைக்கிறார்கள்.

ஜூனில்தான் போக முடியும்.
ஜூனில் அங்கே படகு இறங்காது,
சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள்,
ஓலைக் குடில்களைப் பிரித்து அடுக்கிவிடுவார்களாம்.
நல்லது என்றேன், பாதி வாடகை.

கால் நனைக்க வேண்டாம்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டு
பாறை அடிவாங்குவதைப் பார்ப்போம்.
பிறகு நான் மணியடிப்பேன்,
யாராவது ஓடிவந்து
கதவுக்கு வெளியே மூச்சுவாங்கும் வரை.
வேறொன்றும் வேண்டாம்,
வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று
கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டு
அவள் முகத்தைப் பார்க்காமல்
கதவைச் சாத்த வருமா,
தெரியவில்லை.