கிறீமில் எழுதிய ழ

ஞாயிறு இரவு பதினொன்று நாற்பதுக்கு
என் கடைமேல் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது.
"பிள்ளையின் பெயரைக்கூட எழுதத் தெரியாத கடை.
போகாதீர்கள்."
கீழே படம்: இரண்டு கிலோ ரிப்பன் கேக்,
இளஞ்சிவப்புக் கிறீமில், ஒரு வளைவும் பிசகாமல்,
மகிலினி.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
அந்த ல அவ்வளவு வடிவு.
அதுதான் வயிற்றெரிச்சல்.

முதற் பதிலை நின்றபடியே எழுதினேன்:
ஐயா, ஓடர் தந்தது நீங்கள், வட்சப்பில்,
ஆங்கில எழுத்தில்.
அங்கே ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே தடி.
எந்தத் தடி என்று நான் சாத்திரமா பார்ப்பது?
ஆதாரம் கையில் இருக்கிறது.
ஒட்டிவிட்டால் வெற்றி எனக்கு.

இரண்டாவதை இருந்து எழுதினேன்:
ஃபோனில் உங்கள் வாயும்
மகிளினி என்றுதானே சொன்னது?
அழித்தேன்.
என் வாயிலும் ழ வராது.
வெள்ளவத்தைச் சந்தையில்
வாளைப்பளம்தான் நிறுத்துத் தருவார்கள்,
வாங்கித் தின்கிறோம், ஒருவருக்கும் செமிக்காமல் போனதில்லை.

விடியும்போது ஒன்று, ஐந்தாகியிருந்தது.
டுபாயிலிருந்து ஒருவர், டொரொன்டோவிலிருந்து இருவர்,
என் கேக்கின் வாசம் பிடித்தறியாதவர்கள்.
நாலாமவர் எழுதியிருந்தார்:
"சிங்களப் பெட்டையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்."

பெறாமகன் கௌசிகன் சொன்னான்:
"சின்னம்மா, ஐந்து நட்சத்திரம் நாப்பது வாங்கித் தாறன்.
ஒண்டு நூறு ரூபா."
நாலாயிரத்துக்கு இருபது கிலோ மா வரும் என்றேன்.
அவன் விளங்கிக்கொள்ளவில்லை.

எட்டு மணிக்குப் பிலியந்தலை பஸ்ஸில் நில்மினி வந்தாள்.
அவளுக்கு நான் காட்டவில்லை.
பத்து மணிக்கு உள்ளே போனால்,
பட்டர் பேப்பர் முழுக்க ழ.
சில கவிழ்ந்து, சில வால் முளைத்து, ஒன்று வாத்து மாதிரி.
"மிஸ், இதை எங்கிருந்து தொடங்குவது?"
எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.
காற்றில் எழுதிப் பார்த்துத்தான் சொன்னேன்.

மத்தியானம், அந்த நாலாமவருக்குக் கீழே
கேக் வாங்கிய கபிலதாஸே எழுதியிருந்தார்:
"அண்ணை, நான் சொன்னது எழுத்தைப் பற்றி.
எழுதின ஆளைப் பற்றி இல்லை."

அந்த இரண்டு வரியை
மா படிந்த விரலோடு மூன்று தரம் வாசித்தேன்.
பிறகுதான் பதில் வந்தது, சின்னதாக:
"பிழை எங்களது. எந்த ழ, ல என்று
ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.
பிறந்தநாளில் பிள்ளைக்கு அப்படி நடந்ததற்கு வருந்துகிறேன்.
பாதிக் காசு எடுத்து வைத்திருக்கிறேன். வாருங்கள்."
ஆதாரத்தை ஒட்டவில்லை.
ஒட்டாமல் விடுவது லேசாக இருந்தது என்று சொன்னால் பொய்.

மூன்று நாள் சத்தமில்லை.
வியாழன் பார்த்தால் ஒன்று, மூன்றாகியிருந்தது.
ஐந்து இல்லை. மூன்று.
"போகாதீர்கள்" இருந்த இடத்தில்
"போனால், பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.
நான் கொடுக்கவில்லை.
கேக் நல்ல ருசி. மகள் முதலில் தின்றது அந்த ல-வைத்தான்."

படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்போமா என்றான் கௌசிகன்.
இருக்கட்டும் என்றேன்.
டுபாயும் டொரொன்டோவும் இன்னும் அங்கேயேதான்.
காசுக்கு அவர் வரவில்லை. உறை லாச்சியில் கிடக்கிறது.

இப்போது ஓடர் கொப்பியில் ஒரு கட்டம்,
நூலில் ஒரு பென்சில்:
பெயரை உங்கள் கையால் எழுதுங்கள்.

நேற்று ஒரு மனுசன், மனைவிக்குக் கேக்,
கட்டத்துக்கு முன் பென்சிலோடு நின்றார்.
எழுதினார். வெட்டினார். என்னைப் பார்த்தார்.
நான் பணிஸைப் பார்த்தேன்.
"ஒரு நிமிசம்" என்று வெளியே போய்,
காலி வீதி பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு
யாருக்கோ ஃபோன் எடுத்தார்.